ஜான் என்றொரு பிள்ளை இல்லை

டோரதி ஆண்ட்டியின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் ரென்னிக்கு ஆறு பிள்ளைகள். அவர்களில் ஒருவனுக்குக்கூட ஜான் என்று பெயர் இல்லை என்பது மைக்ரோஃபிலிம் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணாவுக்கு அந்த வியாழக்கிழமைதான் உறைத்தது. ஆண்ட்டி செப்டம்பரில் ஸ்காட்லாந்து போக டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஜேம்ஸின் அப்பா என்று நம்பியிருந்த ஜான் ரென்னியின் கல்லறையில் பூ வைக்கத்தான் பயணமே.

பிளெய்ன்ஸ்பரோ என்ற அமெரிக்க ஊரின் அபார்ட்மெண்டில் ஆண்ட்டி கீழ்வீடு. ஸ்வர்ணாவுக்கு விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. பனியில் பால் வாங்க நடந்துபோனவளை ஒருநாள் காரில் ஏற்றிக்கொண்டார்; அதில் தொடங்கிய பழக்கம். வாராவாரம் இருவரும் ஒரு சர்ச்சின் பின்புறமிருந்த வம்சாவளி அறைக்குப் போவார்கள். ஸ்காட்லாந்து சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவுகள் அங்கே படச்சுருளாக வரும். அந்தக் கோணல் எழுத்தை ஆண்ட்டியைவிட ஸ்வர்ணா சீக்கிரம் படித்துவிடுவாள்.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், இரண்டு ஜேம்ஸ் ரென்னிகள் பிறந்திருந்தார்கள். ஒருவனின் அப்பா ஜான், மீன்பிடிக்கிறவர். மற்றவனின் அப்பா அலெக்சாண்டர், நெசவாளி. தன் தாத்தா கடலைக் கண்டால் வீடு திரும்ப மாட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஆண்ட்டி மீனவரை எடுத்துக்கொண்டார். இரண்டு வருடமாக அது அவர் குடும்பம். அந்த வீட்டில் சின்ன வயதிலேயே செத்துப்போன இரண்டு பெண்குழந்தைகளின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இந்த நாட்டுக்குக் குடியேறி வந்து பேட்டர்சனில் ஜேம்ஸ் செத்தபோது எழுதிய பதிவில் அப்பா பெயருக்கான இடம் காலி. மனைவி கிறிஸ்டினாவின் பதிவில் அவள் அப்பா வில்லியம். அவர்களுடைய இரண்டாவது மகனும் வில்லியம். அப்படியானால் மூத்தவனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயரைத்தானே வைத்திருப்பார்கள்? மூத்தவன் பெயர் அலெக்சாண்டர்.

இது ஸ்வர்ணா புகுந்த வீட்டு வழக்கமும்கூட. புருஷன் நஞ்சுண்டனுக்கு அவன் தாத்தா பெயர். தன் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று ஸ்வர்ணாவின் மாமியார், பெற்ற மகனையே இன்றைக்கும் போனில் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

சாயங்காலம் ரயிலிறங்கி வந்தவனிடம் சொன்னாள். நஞ்சுண்டன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உட்டுரு. யாரு வந்து check பண்ணப் போறாங்க?”

“வேற யாரோ சமாதியில போயி பூ வெப்பாங்களாங்க?”

“வெச்சா அந்தாளு வேண்டாம்னா சொல்லப் போறாரு?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது அவங்க ஒருத்தருதானுங்க. சொல்லப்போயி, அப்பறம் என்னைக் கூப்பிடவே இல்லீன்னா?”

அவன் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.

அடுத்த வியாழக்கிழமை அவள் மாமியார் கதையிலிருந்து ஆரம்பித்தாள். சொந்த மகன் பெயரைச் சொல்ல முடியாத அம்மாவை நினைத்து ஆண்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூத்த பிள்ளைக்கு யார் பெயர் வைப்போம் என்பதை ஸ்வர்ணா சொன்னாள். ஆண்ட்டி ஜேம்ஸின் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். முதல் விரலிலேயே நின்றுவிட்டார்.

கருவியின் விசிறி மட்டும் இரைந்தது. கடைசியில், அப்படியென்றால் அந்த இரண்டு பெண்குழந்தைகளும் எனக்கு யாருமில்லையா என்று கேட்டார்.

ஆண்ட்டி சுருளைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் பதமாக வைத்தார். நெசவாளி ஊர்ச் சுருளை எடுத்து நீட்டினார். ஸ்வர்ணா மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். பக்கங்கள் வேகமாக ஓடின. ஆண்ட்டியின் கை வந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது: மெதுவாக. வேகம் குறைந்த பிறகும் கை அங்கேயே இருந்தது. இருவர் முகத்திலும் வெளிச்சமடிக்க, யார் யாருடைய குழந்தைகளோ திரையில் ஒவ்வொருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.