மூடிய தொட்டி

பாசி மறுபடியும் வந்திருந்தது.

காலையில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்த அதே இடத்தில், மாலைக்குள் மணல்மேல் சிவப்பாக ஜவ்வுபோலப் படிந்து கிடந்தது. ஜெரோம் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தொட்டியின் முன் குனிந்தான். பாறைக்கு அடியில் இருந்த வளையின் வாய் பாதி மூடியிருந்தது. கோபி என்கிற அந்தச் சின்னக் கடல்மீன் வெளியே, வயிறு மணலில் பட, அசையாமல் கிடந்தது. இறாலைக் காணவில்லை.

அவை இரண்டும் ஜோடி. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும். மீன் வாசலில் காவல் இருக்கும். மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை மீன்மேல் வைத்திருக்கும். ஏதாவது கிட்டே வந்தால் கொடுக்கைச் சொடுக்கும். அந்தச் சத்தம் தொட்டிக்கு வெளியிலும் கேட்கும்.

இரண்டையும் வாங்கித் தொட்டியில் விட்டவள் அவன் மனைவி சத்யபிரியா. அடுத்த மாதமே தோகாவில் நர்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிந்தபோது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவனிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, அவன் சர்ச்சிலிருந்து திரும்பிய பிறகு வீடியோவில் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பான். வெயிலா என்பாள். வெயில்தான் என்பான். அதற்குப் பிறகு மீன். இறால் ஒரு சிப்பியை வாசல் வரை உருட்டி வந்து கைநழுவ விட்டதைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். இவை செத்துப்போனால், வெயில்தான் என்பதற்குப் பிறகு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் மணல் தெரியாதபடி போனைத் தூக்கிப் பிடித்துப் பாறையின் உச்சியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான்.

கேம்ப் ரோட்டில் கலர் மீன் கடை வைத்திருந்த காலேப், ஜெரோம் படி ஏறும்போதே சிரித்தான்.

"இன்னா சார், செவப்புக் கம்பளி மறுபடியும் போர்த்திகிச்சா?"

"தண்ணி மாத்திட்டேன். ஆர்ஓ தண்ணிதான். உப்பும் மாத்திட்டேன். நத்தை விட்டேன். எதுவும் கேக்கல."

"லைட்டு எவ்ளோ நேரம் எரியுது?"

"எட்டு மணி நேரம்."

"அப்ப தீனி ஜாஸ்தி. அண்ணி ஊர்ல இல்லன்னு மீனுக்கு தினம் விருந்து வெக்கிறீங்க."

"ஒரு சிட்டிகைதான் போடறேன்."

காலேப் தலையைச் சொறிந்தான். "அப்ப எனக்கும் பிரியல சார். கடைசியா ஒண்ணு கீது. காத்து மோட்டாரைப் போட்டுட்டு, தொட்டியை கறுப்புத் துணியால மூணு நாள் மூடிடுங்க. ஹால்லயும் வெளிச்சம் வேணாம். மீனும் கொஞ்சம் தூங்கட்டும்."

ஜெரோம் சரி என்றான். ஆனால் மூடவில்லை. மறுநாள் வேலை முடிந்து வண்டலூரிலிருந்து ரயிலில் திரும்பி வந்து பார்த்தபோது வளையின் வாய் முழுவதும் மூடியிருந்தது. மீன் அதன்மேல் மூக்கை வைத்திருந்தது.

கறுப்புத் துணி இல்லை. பீரோவில் இருந்த கம்பளிகளை எடுத்துத் தொட்டியை மூடினான். விளக்கின் பிளக்கைப் பிடுங்கினான். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டான். ஹால் அவனுக்குத் தெரியாத இடமாக ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. தாம்பரம் நடைமேடையில் உட்கார்ந்து, கூட்டம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாத டீயை இரண்டாவது முறை குடித்தான்.

ஞாயிறு மதியம் அவள் கூப்பிட்டாள்.

"என்ன, முகமே தெரியல? கரண்ட் போச்சா?"

"தொட்டியை மூடி வச்சிருக்கேன். பாசி."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

"போன வாரம்கூட நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

அவன் தொட்டியிலிருந்து சரிந்த கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டான்.

"இறால்?"

"தெரியல."

"லைட் எத்தனை மணி நேரம் போடறீங்க?"

எட்டு என்று வாய்வரை வந்தது. "அணைக்கறதே இல்ல."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும். இன்வெர்ட்டர்ல போட்டிருக்கேன்."

"மோட்டாரைத்தானே அதுல போடச் சொன்னேன்! லைட்டை ஏங்க?"

வீட்டுக்குமேல் ஒரு விமானம் போனது. சத்தம் அடங்கும்வரை அவளும் காத்திருந்தாள்.

"ஹால்லதான் படுக்கறேன்" என்றான்.

"எப்பலேருந்து?"

"நீ போனதுலேருந்து."

அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இங்க ரூம்ல நாலு பேர்" என்றாள். "ஒருத்தி டியூட்டி முடிச்சு வருவா, ஒருத்தி கிளம்புவா. லைட்டை அணைக்கவே மாட்டாளுங்க. மூஞ்சில துண்டைப் போட்டுக்கிட்டுப் படுப்பேன்."

"சொல்லவே இல்லையே."

"மீனைப் பத்தித்தானே பேசுவோம்."

யாரோ அவளைப் பின்னாலிருந்து மலையாளத்தில் கூப்பிட்டார்கள். வர்றேன் என்றாள்.

"டைமர் வாங்கி வச்சிட்டு வந்தேனே, அது எங்க?"

"இருக்கு. பிரிக்கல."

"பிரிங்க."

மாலையில் கம்பளிகளை எடுத்தான். மணல் வெளுத்திருந்தது. மூலைகளில் மட்டும் சாம்பல் நிறத்தில் சக்கை ஒதுங்கியிருந்தது. அதை உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினான். மீன் இளைத்திருந்தது. வளை இருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் மட்டும் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே கிடந்தது மீன். இறால் வரவில்லை. டைமரைப் பிரித்து, மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பதுவரை வைத்தான்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பதுபோல இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்தான். பள்ளத்தில் எந்த அசைவும் இல்லை. ஒன்பதுக்கு விளக்கு தானாக அணைந்தது. எழுந்து போய் ஸ்விட்சைப் போடலாம். போடவில்லை.

இருட்டில் டக் என்று ஒரு சத்தம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். மோட்டார் இரைந்தது. மறுபடியும் டக்.

போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பதிவு செய்தான். மூன்றாவது முறை சொடுக்கும்வரை கையை எடுக்கவில்லை. அதை அவளுக்கு அனுப்பினான். ஒரு டிக்தான் விழுந்தது. போனை அணைத்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

கொஞ்ச நேரம் போனைப் பார்த்துவிட்டு, படுக்கையறைக்குப் போய், கட்டில்மேல் குவிந்திருந்த பழைய பேப்பர்களை எடுத்துத் தரையில் வைத்தான். அவன் படுக்கும் பக்கத்தில் இருந்தவற்றை மட்டும்.