‘பழைய பிரிண்டர் கோளாறு’ என்றொரு ஃபோல்டர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது மிகக் கொஞ்சம். போன மாதம் என் ஏழு வருடத்துக் கட்டுரைகளை நானே என் கையால் அழித்துவிட்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடையொன்றில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் மேஜைமேல் கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு, “பழைய பிரிண்டரோடதுன்னு நெனச்சு அழிச்சிட்டேங்க” என்றார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் என் இட்டுக்கட்டு. அவர் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

(என் கட்டுரைகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்துவிட்டன. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். அழித்ததில் பெரிய தப்பில்லை என்று பட்டது.)

2

கதையை இப்படித் தொடங்கினேன்: “மழை கொட்டிய ஒரு மாலையில், தன் வாழ்நாளின் மிகப் பெரிய பிழையைச் சுமந்துகொண்டு அந்த மனிதர்—”

மழையெல்லாம் இல்லை. நல்ல வெயில். கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு மழையில் யார் வருவார்கள்?

அடுத்து: “நினைவு என்பது—”

அப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.

மூன்றாவது: “பல்செட்காரர் புது பிரிண்டர் வாங்கினார்.” இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

பல்செட்காரர் புது பிரிண்டர் வாங்கினார். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அச்சு வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்வரிசை கட்டித் தருவார். அரை மில்லிமீட்டர் தூக்கலாக நின்றாலும் மறுபடி முதலிலிருந்து செய்கிற ஆள். அந்தக் குணம் வேலையோடு நிற்காது. புது பிரிண்டர் ஓடத் தொடங்கியதும், கம்ப்யூட்டரில் ‘பழைய பிரிண்டர் கோளாறு’ என்றொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. சனியன் தொலைந்தது என்று அழித்தார். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலும் விட்டுவைக்காமல் காலி செய்தார். அன்று அவருக்குப் பரம திருப்தி.

அதில் பிரிண்டர் சம்பந்தப்பட்ட ஒரு வரிகூட இல்லை.

அவர் மனைவி நூலகத்தில் பட்டியல் போடுகிறவர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வேண்டுமென்றே தப்பாகப் பெயர் வைத்தது இந்த ஃபோல்டருக்குத்தான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், மகனுக்கு நாலு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வருகிற உறவுக்காரர்கள் போட்டோ பார்க்கிற சாக்கில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறப்பார்கள், திறந்துவிட்டு, “என்ன, இன்னும் வாயே தொறக்கலையா?” என்பார்கள். அதனால்தான் யாரும் திறக்க ஆசைப்படாத ஒரு பெயர். உள்ளே இருந்தது, மகன் ஒவ்வொன்றாகப் பேசிய வார்த்தைகளின் பட்டியல். வார்த்தை, தேதி, நேரம், எதைப் பார்த்துச் சொன்னான் என்பது.

“வண்டி. ஏப்ரல் 2, சாயங்காலம். ஜன்னலில் நின்று.”

“போதும். ஏப்ரல் 19. சட்டை போட்டுவிடும்போது.”

பத்து மாதம் எழுதினார். பிறகு பையன் வாக்கியமாகப் பேச ஆரம்பித்தான். அம்மாவால் ஈடுகொடுத்து எழுத முடியவில்லை. இன்றைக்கு அவன் வாய் மூடுவது தூங்கும்போது மட்டும்தான்.

இப்போது அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. மனைவியின் தங்கை மகளுக்கு நாலு வயதாகப் போகிறது, ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை பேச்சுப் பயிற்சி டாக்டரிடம் போகவேண்டும். குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா, எப்போது, எந்த வரிசையில், எழுதி வைத்திருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கை போனில் அழவில்லை. அழாமல் பேசியதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

மனைவி ஃபோல்டரைத் தேடிவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவர் புது பிரிண்டரைப் பார்த்தார்.

அதற்குமேல் அவர் செய்தது இன்னும் மோசம். பதறிப்போய், அழிந்ததை மீட்கும் இலவச மென்பொருள் மூன்றை அதே கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டார்.*

*இதைச் செய்யவே கூடாது. அழித்த கோப்பு உடனே போய்விடாது. அதன் விலாசம்தான் போகிறது. இடம் காலி என்று நினைத்து, புதிதாக வருவது அதன்மேல் உட்கார்ந்தால்தான் நிஜமாகவே போய்விடும். நானும் இரண்டு மென்பொருள் இறக்கினேன்.

4

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. பல்செட்காரர் மேல் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவராக இருக்கிறாரே? ஒரு நல்லவருக்குக் கை தவறிவிட்டது என்பது செய்தி, கதை இல்லை. அதனால் அவரிடமே கேட்டேன்: பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

முன்னறையில் இருந்தாராம். மனைவி வாசலில் வந்து நின்று, பையன் இன்றைக்கும் பேசவில்லை என்பார். இவர் கையிலிருக்கும் பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேசுவான், பேசுவான்” என்பார். மாதக்கணக்கில் அதே பதில். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். [இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.]

5

கடைக்கார அம்மாவைத் தெருவே ‘ரெக்கவரி அக்கா’ என்றுதான் கூப்பிடும். (முதல் படியில் இந்த வேலைக்கு ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு இளைஞனை வைத்திருந்தேன். அவனை எல்லாக் கதையிலும் பார்த்துவிட்டோம். அனுப்பிவிட்டேன்.) அவர் டிஸ்கைக் கழற்றினார், அதில் எதையும் எழுதாமல் அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்து, நகலில் தேடினார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். புதன்கிழமை.

கிடைத்த கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து முதல் சில வரியைப் பார்த்து, வேண்டியதில் டிக் போடச் சொன்னார். இரண்டாவது கோப்பைத் திறந்ததும் பல்செட்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. சூடு. வண்டி. போதும். அறுபத்து மூன்று வார்த்தைகள். நடுவில் பத்தொன்பது மட்டும் கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தன, இவர் இறக்கிய மென்பொருளின் புண்ணியம். கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அடுத்த கோப்பைத் திறந்தார்.

“உங்களிடம் நேரில் சொன்னால் பேசுவான் பேசுவான் என்பீர்கள். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். குழந்தையையும்—”

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ரெக்கவரி அக்கா தேதியைப் பார்த்தார். “இது இப்ப நீங்க அழிச்சது இல்லீங்க. பதிமூணு வருஷம் முன்னாடியே யாரோ அழிச்சிருக்காங்க. தெரியாம அழிச்சதா, வேணும்னே அழிச்சதான்னு டிஸ்குக்குத் தெரியாது. எல்லாத்தையும்தான் கொண்டுவந்து குடுக்கும். இது வேணுமா?”

6

எனக்கு மூன்று வழி தெரிந்தது.

ஒன்று: அவர் டிக் போடவில்லை. பட்டியலோடு வீட்டுக்குப் போகிறார், எல்லாம் சுபம். ஆனால் அரை மில்லிமீட்டரைப் பொறுக்காத மனிதர் இதை மனதில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிடுவார்?

இரண்டு: அங்கேயே உட்கார்ந்து முழுதும் படிக்கிறார். இதற்காகக் கடிதத்தை நான் முழுதாக எழுதினேன், நாலு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. அதுதான் கோளாறு. பையில் துணி அடுக்கி வைத்த பெண்ணுக்கு உவமை எங்கிருந்து வரும்? தவிர, எழுதியவரே அழித்துவிட்ட ஒன்றைத் திரும்ப எழுத நான் யார்? அழித்துவிட்டேன்.

மூன்று: டிக் போடுகிறார், படிக்கவில்லை.

மூன்றாவதை அவரே செய்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

7

அன்று சாயங்காலமே பட்டியல் தங்கைக்குப் போனது. தங்கை போனிலேயே ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். முதல் வார்த்தைக்கு இவ்வளவு வயதா என்று கேட்டாள். ஆமாம் என்றார் மனைவி. முதல் மாதத்தில் மூன்றே வார்த்தையா? ஆமாம். பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் சிதைந்த வார்த்தைகளையும் யோசித்து எழுதித் தரும்படி கேட்டாள். குரலில் இப்போது அழுகை இருந்தது. அது நல்லதாகப் பட்டது.

பத்தொன்பதில் பன்னிரண்டை மனைவி நினைவிலிருந்தே எடுத்துவிட்டார். அப்புறம் முட்டியது.

“மெழுகு” என்றார் பல்செட்காரர்.

“என்னது?”

“மெழுகுன்னு சொன்னான். ஜூன் மாசம். என் மேஜைக்கு அடியில உக்காந்துகிட்டு. ரெண்டு தடவ.”

மனைவி திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அது இதுல இருந்ததே இல்லீங்க. எனக்குத் தெரியவே தெரியாது.”

“உன்கிட்ட சொல்லணும்னு எந்திரிச்சேன். திரும்பச் சொல்லாமப் போயிட்டான்னா என்ன பண்றதுன்னு மறுபடி உக்காந்துட்டேன்.”

மனைவி தட்டச்சு செய்தார். மெழுகு. ஜூன். அப்பா மேஜைக்கு அடியில். அறுபத்து நாலு.

அதற்குப் பிறகுதான் பல்செட்காரர் பென்டிரைவை மேஜைமேல் வைத்து, அதில் இன்னொன்றும் வந்திருக்கிறது, ஒரு வரிதான் பார்த்தேன் என்றார்.

மனைவிக்கு எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. “அத எழுதி முடிச்சு, பையக் கொண்டுபோய் வாசல்ல வச்சேன். உள்ள இவன் டம்ளரத் தொட்டுட்டு ‘சூடு’ன்னான். மொதல் வார்த்தை. போறவளுக்குப் பட்டியல் எதுக்கு, தேதி எதுக்கு? எழுதினத அழிச்சிட்டு, தேதி போட்டு அத எழுத உக்காந்துட்டேன்.”

பல்செட்காரர் பென்டிரைவைக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார்: “படிக்கவா?”

“உங்களுக்கு எழுதினதுதானே. உங்க இஷ்டம்” என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை. பக்கத்து அறையில் மகன் போனில் யாருக்கோ எதையோ விடாமல் விளக்கிக்கொண்டிருந்தான்.

8

அவர் படித்தாரா இல்லையா என்று நான் எழுதப்போவதில்லை. கடிதமும் என்னிடம் இல்லை, அழித்ததைத்தான் சொன்னேனே. கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நாலு பக்கமோ நாற்பது பக்கமோ. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எழுதும்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். உள்ளே ஒரு பையன் டம்ளரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.