அதிபரின் புத்தகம் கனத்த மாதம்

முன்னாள் அதிபரின் சுயசரிதை வெளிவந்த மாதத்தில், அந்த நகரத்தின் பதினேழு வீடுகளில் அது ஓர் ஆளால் தூக்க முடியாத கனமாகிவிட்டது. கடையில் வாங்கும்போது முக்கால் கிலோதான். கெட்டி அட்டை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அட்டையில் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படம். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: 'அந்த ஆண்டில் சிலர் தாமாகவே நாட்டைவிட்டு வெளியேறினார்கள்.' அதைப் படித்த பிறகுதான் கனம் ஏறியது, அதுவும் எல்லா வீட்டிலும் அல்ல. தையல்காரரின் தம்பி அந்த ஆண்டில் நிஜமாகவே எல்லை தாண்டி ஓடி, இன்னொரு நாட்டில் டாக்சி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே புத்தகம் புத்தகமாகவே இருந்தது. முடிதிருத்துபவரின் அண்ணன் போனவர் போனவர்தான், ஒரு கடுதாசிகூட இல்லை. அங்கே மேசைக்கால் முறிந்தது. நாலைந்து வீடு ஆனதும் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. செத்தவர் வீட்டில் அவர் எடைக்கே கனக்கும், உயிரோடிருப்பவர் வீட்டில் கனக்காது. காகிதத்தில் ஈரம் ஏறியிருக்கலாம் என்று பதிப்பகத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள்.

தபால் நிலையத்தில் பார்சல் எடை பார்ப்பவளை எல்லாரும் எடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவர் கணக்கு வாத்தியார். அந்த ஆண்டில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே ஜீப் வந்து, ஒரே ஒரு கையெழுத்து வேண்டும் என்று அவரை அழைத்துப்போனது. அப்போது மகள் வயிற்றில் ஐந்து மாதம். இருபத்தாறு வருடமாக யார் கேட்டாலும் 'வெளியே போயிருக்கார்' என்றே சொல்லிவந்தாள். புத்தகத்தை வாங்கி வந்தது மகள்தான். படிக்கத் தொடங்கியது அம்மா. கிழவர் நன்றாக எழுதியிருந்தார், அதுதான் வயிற்றெரிச்சல். வெள்ளைக்காரனின் சிறையில், தாய் இறந்த சேதி மூன்று வாரம் கழித்து அவருக்கு வந்து சேர்ந்த இடத்தில் எடைக்காரம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். சுதந்திரக் கொடி ஏறிய நாளில், பதினேழு வயதில், இந்த ஆளுக்காகத் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவள் அவள். இப்போதும் அவருக்காக அழ முடிகிறதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு நிறுத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அதைத் தொடவில்லை.

"ஒரு பக்கம் திருப்புறதுக்கு என்னம்மா?" என்றாள் மகள்.

"திருப்பிட்டா அப்புறம் மூட முடியாதுடி."

"ஒவ்வொரு விண்ணப்பத்துலயும் அப்பா இருக்காரா இல்லையான்னு கேக்குறாங்க. நான் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுட்டு வர்றேன். எத்தனை நாளைக்கு?"

மறுநாள் மதிய இடைவேளையில் எடைக்காரம்மா கவுண்டரைச் சாத்திவிட்டு, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, புத்தகத்தைப் பார்சல் தராசில் வைத்தாள். வீட்டு மேசை உடைந்துவிடும் என்று ஒரு சாக்கு சொன்னாள். உண்மையில், வாத்தியாரின் எடை அவளுக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, இதே தராசில் ஏறி நின்று, தனக்கு எத்தனை ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பார். அறுபத்தெட்டு கிலோ, கூடக்குறைய அரைக் கிலோ. பக்கத்தைத் திருப்பி அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். முள் நகர்ந்தது. பத்து, இருபது, முப்பது என்று போய், நாற்பத்தொன்றில் நின்றது.

"அவர் இல்லடி!" என்று மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இது வேற யாரோ. உங்கப்பா அறுபத்தெட்டு. எனக்குத் தெரியாதா?" அவள் அப்படிச் சிரித்து மகள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மகளும் சிரித்தாள். பிறகு, ஒன்றும் நினைக்காமல்தான், "நம்ம வீட்டுல வேற யாரும்மா போனாங்க?" என்று கேட்டாள்.

எடைக்காரம்மா முள்ளைப் பார்த்தாள். பிறகு, பார்சல் மூட்டைகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவிங்க, சோறே போடலியேடி" என்றாள்.

இடைவேளை முடிந்து இரண்டு தபால்காரர்கள் வந்தார்கள். அந்த மாதத்தில் அவர்கள் ஏற்கெனவே மூன்று வீடுகளுக்குக் கைகொடுத்திருந்தார்கள். புத்தகத்தை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, ஆட்டாமல் அசைக்காமல் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தலைமாடு எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். எடைக்காரம்மா எழுந்து வந்து காட்டினாள். வண்டியைக் கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், மகள் பின்னாலேயே நடந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள்.