வேன் மாமா வாசனை

மூன்றாம் வகுப்புக்கு மதுவின் தீமை பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எட்டு வயசுப் பிள்ளைகளிடம் போய் ஈரல், நரம்பு என்று அளந்தால் கொட்டாவிதான் விடும். படத்தைக் காட்டினால் மீசை வரைந்து வைக்கும். அதனால் வீட்டிலிருந்து ஒரு முட்டையைக் கொண்டுபோனேன். காயம் துடைக்கிற ஸ்பிரிட் முதலுதவிப் பெட்டியிலேயே இருந்தது.

கண்ணாடி டம்ளரில் வெள்ளைக்கருவை விட்டு, மேலே ஸ்பிரிட்டை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அது வெளுத்துத் திரண்டது.

"அடுப்பே இல்லாம வெந்துடுச்சு டீச்சர்!"

"சாராயத்துல இருக்கறதும் இந்த வகைதான். தினமும் குடிச்சா ஈரல் கெடும், மூளை மந்தமாகும். கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம் போகும். யாரும் தொடாதீங்க, நானே கொண்டுவந்து காட்டறேன்."

டம்ளரோடு வரிசை வரிசையாக நடந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறாள். வகுப்பே அவளைக் கிளி என்றுதான் கூப்பிடும். டம்ளரை நீட்டியதும் மூக்கைச் சுளித்தாள்.

"ஐ, இது வேன் மாமா வாசனை!"

எல்லாம் கொல்லென்று சிரித்தன. பக்கத்தில் இருந்தவளும் தலையாட்டினாள். "ஆமா டீச்சர். அவரு தண்ணி பாட்டிலத் திறந்தாலே இப்படித்தான் வரும்."

டம்ளரை மேஜையில் வைத்தேன். வேன் ஓட்டுகிறவன் என் தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குடியை விட்டுவிட்டேன் என்று அவன் வந்து நின்றபோது, தலைமையாசிரியையிடம் நான்தான் கெஞ்சினேன். "இவனுக்கு நான் பொறுப்பு மேடம்" என்று வாக்குக் கொடுத்தேன். தினமும் பதினாலு பிள்ளைகள் அவன் வேனில் போகின்றன. மணி மூன்று பத்து. மூன்றரைக்கு வண்டி கிளம்பிவிடும்.

நேரே போய் மோந்து பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வந்தது வினை. அவன் வேலைக்குச் சேர்ந்த சமயம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து மோப்பமே போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. இதெல்லாம் ஒரு குறையா என்று பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், என் வீட்டுக்காரரும் தம்பியும்.

பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு, பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கிட்டத்தட்ட ஓடினேன்.

தம்பி வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டை சலவை மடிப்போடு இருந்தது. தலை படிய வாரியிருந்தான். பேச்சிலும் தடுமாற்றம் இல்லை.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"குடிச்சிருக்கியாடா?"

"யாரு சொன்னா?"

"பசங்கதான். உன் பாட்டில்ல வாடை வருதாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஐயோ, உன்மேல சத்தியமா இல்லக்கா! கண்ணாடி தொடைக்கிற மருந்து வாடையா இருக்கும். பசங்க எதையாவது உளறும், நீயும் கேட்டுட்டு வந்துட்ட."

நம்பத்தான் ஆசைப்பட்டேன். கூடப் பிறந்தவனாயிற்றே. அவனுக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள், இந்த வேலையும் போனால் வேறு யார் கொடுப்பார்கள்? சரிடா என்று சொல்லித் திரும்பியிருப்பேன், சத்தியமாகத் திரும்பியிருப்பேன். அதற்குள் அவன் ஒரு அடி முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான்.

"சந்தேகமா இருந்தா நீயே மோந்து பாரு."

பாவி! என் மூக்கு செத்துப்போனது தெரிந்துதானே ஊதுகிறான்! உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. எத்தனை நாளாக இந்தத் தைரியத்தில் என் எதிரே நின்று சிரித்துப் பேசியிருக்கிறான்!

ஆயாம்மா மணி அடிக்கப் போய்க்கொண்டிருந்தார். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவர்தான்.

"ஆயாம்மா, இங்க வாங்க. இவன் வாய மோந்து பாருங்க."

"அக்கா, எம் மானத்த வாங்காத!" என்று தம்பி பின்னால் நகர்ந்தான்.

ஆயாம்மா பக்கத்தில் போகவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு மோந்து வேற பாக்கணுமா டீச்சர்? தினமும்தான வருது."

"தினமுமா? ஏன் ஆயாம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க தினம் பக்கத்துல நின்னு பேசறீங்க. உங்களுக்குத் தெரியாதா? தம்பியாச்சேன்னு தெரிஞ்சேதான் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம். அப்புறம் நாங்க என்னன்னு வாயத் திறக்கறது?"

வேனுக்குள் கையை விட்டுச் சாவியை உருவினேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளைலேருந்து தொட மாட்டேன்." அவன் கையை உதறிவிட்டு ஆபீஸ் அறைக்கு நடந்தேன்.

தலைமையாசிரியையிடம் என் மூக்கு உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. போனை என் பக்கம் தள்ளினார். பதினாலு வீட்டுக்கும் பேசி, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். முதலில் கிளியின் அம்மாவைக் கூப்பிட்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆயாம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் டீச்சர், வேன் ரிப்பேரா?" என்றார் போனில் கிளியின் அம்மா.

"வேனுக்கு ஒண்ணுமில்லம்மா. ஓட்டறவன் குடிச்சிருக்கான். அவன் எங்கூடப் பொறந்த தம்பி."



"இன்னிக்கு மட்டுந்தானா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது.

"இல்லம்மா" என்றேன்.