பெரட்டுக் களமும் பெரிய மைதானமும்

டயகம தேயிலைத் தோட்டத்து அணி கால்பந்து பழகியது பெரட்டுக் களத்தில்தான். காலையில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் அந்தச் சின்ன இடத்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவார்கள். நொடிக்கு நொடி நிற்கவும் திரும்பவும் வேண்டும். அதில் கடைக்காரர் மகன் பைஸர்தான் ராஜா. நெட்டைக் கால் இராமையா திரும்புவதற்குள் பந்து போய்விடும்.

அட்டன் நகரத்துப் பெரிய மைதானத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு முந்தின நாள் அணித் தலைவர் ஆண்டியப்பன் தயங்கினார். "இங்கயே ஒனக்கு மூச்சு வாங்குதே இராமையா, அங்க எப்படிடா ஆடுவ?"

"இங்க ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள திரும்ப வேண்டியிருக்குண்ணே, அதான் மூச்சு வாங்குது. அங்க நேரா ஓட எடம் இருக்கு. என்னைய ஓரத்துல போட்டுப் பாருங்க."

அவன் சொன்ன தோரணை ஆண்டியப்பனுக்குப் பிடித்தது. வலது ஓரத்தில் போட்டார்.

போட்டியில் இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தன. முடிவு நெருங்கும்போது பைஸர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். அவ்வளவு நீள ஓட்டம் அவன் கால்களுக்குப் பழக்கமில்லை. இராமையாவோ அப்போதுதான் சூடேறியிருந்தான். பின்னாலிருந்து வந்த பந்தைத் துரத்திப் பாதி மைதானம் ஓடினான். தடுக்க வந்தவன் பின்தங்கிப் போனான். கோல் வாசலில் ஒரே கூட்டம், அதற்கு நடுவில் பைஸர்.

"பைஸரு!" என்று கத்திப் பந்தைத் தள்ளினான்.

நெருக்கடியில் ஆடுவது பைஸருக்குக் கைவந்த கலை. வலித்த காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பேருக்கு நடுவிலிருந்து பந்தை வலைக்குள் தட்டிவிட்டான்.

ஆண்டியப்பன் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "அடுத்த ஆட்டத்துக்கும் இதே ஆளுங்கதான்டா!"