லேக் கார்டன்ஸுக்கு வந்த கில்மோர்கள்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தியாகராஜன் கில்மோரின் வீட்டுக்கு அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் முன்னோர்கள் வந்து சேர்ந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. எல்லாரும் இறந்து வெகுகாலம் ஆனவர்கள். நனைந்த கம்பளி வாடையோடு வந்து, பூட்ஸுகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பால்கனிப் பக்கம் அயர்லாந்துக்காரர்களும் சோபாப் பக்கம் ஸ்காட்லாந்துக்காரர்களுமாக உட்கார்ந்தார்கள். அந்த வாரம் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. தியாகராஜனின் மனைவி பத்மஜாவுக்கு முதலில் அந்தக் கவலைதான் வந்தது. ஆனால் அவர்கள் எதுவும் சாப்பிடவில்லை. காபி டம்ளரின் ஆவியை ஆளுக்குக் கொஞ்சம் முகர்ந்துகொண்டு, கில்மோர் என்ற பெயர் தங்களுடையதா எதிர்த் தரப்புடையதா என்று தாழ்ந்த குரலில் வாதாடினார்கள். இறந்தவர்களுக்கு மொழி ஒரு தடையில்லை என்பதால் அவர்கள் பேசியதெல்லாம் வீட்டில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. அதுதான் தொல்லையாக இருந்தது.

அவர்களை அழைத்தது தியாகராஜனேதான். அவருடைய அப்பா விஸ்வநாதன் நாகப்பட்டினத்திலிருந்து கல்கத்தா துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்துத் தன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டார்: கில்மோர். அது மகனுக்கு வந்து, பேத்தி சஹானாவின் கம்பெனி அடையாள அட்டை வரைக்கும் போனது. ஆனால் நாகப்பட்டினத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் யார், அவள் பெயர் என்ன என்பதுகூட வீட்டில் பேச்சாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் பிறகு ஆபீசிலும் “எந்த துரைப்பா அது?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். தியாகராஜனும் சிரித்துவிட்டு, அன்று முழுக்கப் பேசாமல் இருப்பார். எவனோ ஒரு வெள்ளைக்காரன் அந்தப் பெண்ணைக் கெடுத்திருக்கிறான், தன் வம்சமே அதன்மேல்தான் நிற்கிறது என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகும் அவரோடு இருந்தது.

சஹானாதான் போனில் தேடி, “ரெண்டு நாட்டுலயும் கில்மோர் இருக்காங்கப்பா. நீ எந்த டீம்?” என்றாள். தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். வருடா வருடம் மூன்றாவது இடத்தில்தான் தியாகராஜன் தடுமாறுவார். இந்த மகாளயத்தன்று படித்துறைக் கூட்டத்தில் நின்றபடி, “அயர்லாந்து, ஸ்காட்லாந்து கில்மோர் வம்சத்தார் எல்லாருக்கும்னு சொல்லிடுங்க” என்றார். தர்ப்பணம் செய்துவைக்கும் சாய்ராம் வாத்தியார் முன்னால் வரிசை நீண்டிருந்தது. அப்படியே சொல்லிவிட்டார். இறந்த நாளிலிருந்து ஒரு கை எள்ளும் தண்ணீரும் பார்த்திராதவர்கள், கூப்பிட்டதும் புறப்பட்டுவிட்டார்கள்.

துர்கா பூஜை வந்து போனது. அயர்லாந்துக்காரர்கள் பந்தலுக்குப் போய் டாக் மேளத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். “தாதா, உங்க சொந்தக்காரங்க தங்கமான மனுஷங்க, படியேறினா சத்தமே கேக்கறதில்ல” என்று கீழ்வீட்டு மாதவி தீதி வங்க மொழியில் பாராட்டினாள். பத்மஜாவுக்குத்தான் பொறுமை போனது. “என்னங்க, கேக்க வேண்டியதைக் கேட்டுத் தொலைங்களேன். இத்தனை பேர் வந்து குந்தியிருக்காங்க, நீங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு ஊமையாட்டம் இருக்கீங்க.”

“கேட்டா சொல்லிடுவாங்களே,” என்றார் தியாகராஜன்.

காளி பூஜைக்குப் பிறகு ஒரு மத்தியானம், எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார். நாகப்பட்டினத்தில் ஒரு பெண்ணை யாருக்காவது தெரியுமா? இறந்தவர்களால் பொய் சொல்ல முடியாது. பால்கனியில் ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். சோபாவிலும் இல்லை என்றார்கள். எந்தப் பக்கமும் சேராமல் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதர் மட்டும் தொண்டையைச் செருமினார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கூலிகளை ஏற்றிப்போன கப்பலில் அவர் டாக்டர். கரை முகாமில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் ஏற்றப்பட்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று ஏஜெண்டின் ஆட்கள் அவளை விடவில்லை. டாக்டர் கேப்டனிடம் போய், அவளுக்குத் தொத்துக் காய்ச்சல், கப்பலில் வைத்தால் எல்லாருக்கும் பரவும் என்று சொல்லி, படகு இறக்கி அவளைக் கரைக்கு அனுப்பிவிட்டார்.

“காய்ச்சல் இருந்துச்சா?” என்று கேட்டார் தியாகராஜன்.

“இல்ல. நான் சொன்ன பொய் எத்தனையோ. உருப்படியா சொன்னது அது ஒண்ணுதான்.”

படகில் கால் வைக்கும் முன் அவள் அவருடைய பெயரைக் கேட்டாள். சொன்னார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் பினாங்கிலேயே கல்யாணம் காட்சி இல்லாமல் செத்துப்போனார். “பையனா?” என்று கேட்டார் டாக்டர். “பையன். அவர் மகன்தான் எங்கப்பா” என்றார் தியாகராஜன். அவள் பெயர் செங்கமலம் என்றார் டாக்டர். ஏஜெண்டின் ஆட்கள் தேடி வருவார்கள் என்று மறைத்த பெயர், தேட ஆளில்லாமல் போன பிறகும் மறைத்தபடியே இருந்துவிட்டது என்பது தியாகராஜனுக்கு அப்போது விளங்கியது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்த தோள்கள் இறங்கின. கீழே தண்டவாளத்தில் பஜ்பஜ் லோக்கல் ரயில் ஒன்று போய், இன்னொன்றும் போனது. அவர் தூங்கிவிட்டார் என்று பத்மஜா மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

நீங்கள் எந்த நாடு என்று சஹானா டாக்டரைக் கேட்டாள். அப்பா ஸ்காட்லாந்து, அம்மா அயர்லாந்து, தான் பிறந்தது இரண்டுக்கும் நடுவே கப்பலில் என்றார் அவர். ஹாலில் முதன்முறையாக வாதம் நின்றது. “தூர் பாபா, ரெண்டு டீமும் அவுட்டு,” என்று வங்காளிகளைப் போலச் சலித்துக்கொண்டாள் சஹானா.

சாய்ராம் வாத்தியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “வம்சத்துல போய்ச் சேத்துட்டீங்களே சார். ரத்த சம்பந்தம் இல்லாம நல்லது செஞ்சவாளுக்குன்னு தனி இடம் இருக்கு. காருண்ய பித்ருன்னு பேரு. அங்க இவர் ஒருத்தர் போதும்.” அடுத்த அமாவாசையில் அது திருத்தப்பட்டது. அன்று பிற்பகலே மற்றவர்கள் பூட்ஸுகளை மாட்டிக்கொண்டு, பத்மஜாவிடம் சொல்லிக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் பஜ்பஜ் வண்டியில் ஏறினார்கள். அங்கிருந்து ஆறும், ஆற்றிலிருந்து கடலும் அவர்களுக்குப் பழக்கமான வழி. சோபா காய ஒரு வாரம் ஆனது.

பெயரை மாற்றிவிடலாமா என்று சஹானா கேட்டபோது, இருக்கட்டும் என்றார் தியாகராஜன். சரோபர் ஏரிக்கரையில் நடைபோகும்போது யாராவது நீங்கள் ஐரிஷா ஸ்காட்டிஷா என்று விசாரித்தால், “செங்கமலம் வீட்டுப் பிள்ளை” என்று சொல்லி, கேட்பவருக்கு நேரம் இருந்தால் முழுக் கதையும் சொல்கிறார். அவர் இவ்வளவு பேசுவார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. டாக்டர் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. சமையலறை வாசலில் அதே ஸ்டூலில் இருக்கிறார். மாதவி தீதி மூட்டுவலிக்கு அவரிடம்தான் யோசனை கேட்கிறாள். அவர் சொல்லும் மருந்து எதுவும் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டு இறங்கும்போது அவளுக்கு வலி குறைந்திருக்கிறது.