ஒழுகாத பாட்டில்

எங்கள் பள்ளியில் ஏழே பேர் படிக்கும் அறிவியல் பிரிவு எதற்கு என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வாராம். "கண்ணுல படுற மாதிரி ஏதாவது செஞ்சு காட்டுங்க" என்றார் தலைமையாசிரியை.

ஏழு பேரும் பெண்கள். இங்கே மூடினால் அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆறு பேர் எப்படியாவது போய்விடுவார்கள். ஏழாவது பெண்ணின் அப்பா குழாய் வேலை பார்ப்பவர். சேர்க்கும்போதே என்னிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இந்தப் பள்ளிக்கூடம்னா படிக்கட்டும் டீச்சர். ரெண்டு பஸ்ஸெல்லாம் ஏத்தி அனுப்ப மாட்டேன்." அவளை வகுப்பில் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையாவது கழற்றாமல் கை சும்மா இருக்காது.

தண்ணீர் ராக்கெட் விடலாம் என்று முடிவு செய்தோம். பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் சைக்கிள் டியூபின் வால்வைச் சொருகினோம். நிமிர்ந்த மறுமுனையில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, கழுத்தைச் சுற்றி எட்டு கேபிள் டை, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம். காற்றடித்துக் கயிற்றை இழுத்தால் வளையம் இறங்கும், டைகள் விரியும், பாட்டில் பறக்கும். வளையம் ஸ்பேனரின் கைவேலை.

வியாழக்கிழமை சோதனையில் மூன்று தடவை பறந்தது. ஒரு தடவை மாடியையே தாண்டியது. நானும் அந்தப் பெண்களோடு சேர்ந்து குதித்தேன், வயதுக்கேற்ற வேலையா அது! பாட்டிலின் வாயில் மட்டும் கொஞ்சம் ஒழுகியது.

"சே, அசிங்கமா ஒழுகுது டீச்சர்" என்று ஸ்பேனர் முகம் சுளித்தாள்.

"ஒழுகட்டும் விடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராக்கெட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். என் புத்தி எங்கே போயிற்றோ!

மறுநாள் நான் வரும்போதே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மாட்டி, எல்லாம் தயாராக இருந்தது. பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். நான் பம்பை அடித்தேன். பம்பில் இருந்த அழுத்தமானியின் முள் அறுபதைத் தொட்டது.

"சொட்டுகூட ஒழுகல பாருங்க டீச்சர்" என்று ஸ்பேனர் காதோரம் சொன்னாள். கயிற்றை அவளே இழுத்தாள்.

வளையம் இறங்கியது. டைகள் விரிந்தன. பாட்டில் அசையவில்லை.

"எப்பப் போகும்?" என்றார் அதிகாரி.

உள்ளே அத்தனை காற்று இருக்கும்போது யாரும் கிட்டே போகக்கூடாது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். முள்ளும் இறங்கவில்லை. அவர் கார் பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சார், நேத்து மாடியைத் தாண்டிச்சு சார்!"

"நேத்து நான் வரலையே டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். குழாய்க்குள் வந்த தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது. பாட்டிலைத் திருகிப் பார்த்தேன், வரவில்லை. வாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை, கல்லாக இறுகியிருந்தது.

"நான்தான் டீச்சர்" என்றாள் ஸ்பேனர். "காலைல ஏழு மணிக்கே வந்து வச்சேன். அப்பா பையில இருந்த பசை. ஒழுகினா அந்த சார் என்ன நினைப்பாரு?"

அறைந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. பிரிவு விடுமுறையோடு முடிகிறது என்று தலைமையாசிரியை வந்து சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஆறு பேரும் பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் ஸ்பேனரைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். நான் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். தினமும் நானே அவளோடு போய் விட்டு வருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் என் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே ராக்கெட்டின் அருகில் குந்தினார். பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பாட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இதை யார் வச்சது?"

"நான்தாம்ப்பா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"அடேங்கப்பா! எங்கிட்ட வேலை செய்யறவனுக்கே இவ்வளவு சுத்தமா வராது." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "படிப்பை விடுங்க டீச்சர். லீவு விட்டதும் என்கூட வேலைக்கு வரட்டும்."

அப்பா வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டோ என்னவோ, ஸ்பேனர் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.